1991-க்கு முன் உலகமயமாக்கல் உண்டா? தேர்வு விடையில் காரைக்குடியின் பழைய செட்டிநாட்டு வீட்டை உதாரணமாக எழுதலாமா?

எழுதலாம், முரண்பாடு இல்லை. 1991 என்பது இந்திய அரசு தாராளமயக் கொள்கைக்கு மாறிய ஆண்டு. சரக்கும் பணமும் ஆட்களும் கடல் தாண்டிப் போய்வந்தது அதற்கு வெகு முன்பே. பாடநூல் கொள்கையைச் சொல்கிறது, நீங்கள் போக்குவரத்தைப் பார்க்கிறீர்கள், குழப்பம் அங்கேதான்.

ஆனால் அந்த வீட்டிலுள்ள பர்மா தேக்கு, இத்தாலியப் பளிங்கு என்று பட்டியல் போட்டால் அது வெறும் இறக்குமதி. ஓரிடத்து விலை இன்னோரிடத்துப் பிழைப்பைப் புரட்டினால்தான் உலகமயம். அதற்குச் சான்று அரிசி. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பியச் சந்தை நெருங்கியது. பர்மாவில் விவசாயக் கடன் கொடுத்ததில், இத்தகைய வீடுகளைக் கட்டிய செட்டிநாட்டு வணிகச் சமூகமான நகரத்தார் பங்கு பெரிது. 1930-ல் பெருமந்தம் வந்து விலை விழுந்தது. கடன் திரும்பவில்லை, அடமான நிலம்தான் கைக்கு வந்தது: கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்கள் நிலம் 1938-க்குள் 25 சதவீதம். லேவாதேவிக்காரருக்கு வேண்டியது ரொக்கம், வயல் அல்ல! 1942-ல் ஜப்பான் படையெடுப்பு, 1948-ல் நில தேசியமயச் சட்டம்; அதுவும் போயிற்று.

வீட்டில் சுவர் ஓடு ஏதும் பெயர்ந்து கிடந்தால் பின்புறம் பாருங்கள், உற்பத்தி நாட்டின் முத்திரை இருக்கக்கூடும். தரையிலுள்ள ஆத்தங்குடிக் கல்லை இறக்குமதிக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது கண்ணாடித் தட்டின்மேல் வண்ணக் கலவை ஊற்றி, சிமெண்டும் மணலும் இட்டு இங்கேயே வார்ப்பது.

இரண்டு மதிப்பெண் கேள்வி என்றால் இதெல்லாம் வேண்டாம், 1991 போதும்.