என் கதையைக் குரலில் பதிவு செய்யக் கேட்கிறார்கள். நான் எப்படி உதவுவது?

கேள்வி: சில வருடங்களாக ஃபேன் ஃபிக்‌ஷன் (பிறர் படைத்த பாத்திரங்களை வைத்து ரசிகர்கள் எழுதும் கதை) எழுதி, அதற்கான ஏஓ3 தளத்தில் போட்டு வருகிறேன். என் கதை ஒன்றைத் தன் குரலில் வாசித்து, பாட்ஃபிக் என்கிற ஒலிவடிவமாக வெளியிட ஒரு வாசகி அனுமதி கேட்டிருக்கிறார். சந்தோஷம்தான், ஆனால் ஒலிப்பதிவு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அவருக்கு நான் என்ன செய்யலாம்? கொஞ்சம் பணம் கொடுக்கலாமா?

பதில்: முதலில் அவருக்குப் பதில் போடுங்கள், இன்றைக்கே. ‘வேண்டாம்’ என்று சொன்னால்கூட அவர் வேறு கதையைத் தேடிப் போய்விடுவார். பதிலே வராவிட்டால் தொடங்கவும் முடியாது, விடவும் மனம் வராது. பாட்ஃபிக் செய்பவர்களை அதிகம் படுத்துவது மைக் அல்ல, இந்தக் காத்திருப்புதான்.

அடுத்து வருபவர் உங்களிடம் கேட்டுக் காத்திருக்க வேண்டாம் என்றால், உங்கள் சுயவிவரப் பக்கத்தில் ஒரு பொது அனுமதி எழுதி வைத்துவிடுங்கள். இவ்வளவு போதும்: “என் கதைகள் எதையும் கேட்காமலே பாட்ஃபிக் ஆக்கலாம். என் பெயரும் மூலக்கதையின் இணைப்பும் இருக்க வேண்டும். விற்கக் கூடாது. செயற்கைக் குரலுக்கு இந்த அனுமதி கிடையாது. வெளியிட்டதும் ஒரு வரி எழுதினால் மகிழ்வேன்.” பலரும் மறக்கிற ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நாளைக்கு நீங்கள் கதையை நீக்கிவிட்டால் ஒலிவடிவம் இருக்கலாமா, கூடாதா? கதையும் அதை எழுதியவரும் காணாமல் போனால், வாசித்தவர் யாரிடம் போய்க் கேட்பார்?

பணம் வேண்டாம். ஏஓ3 தளத்தை நடத்துவது 2007-இல் ரசிகர்கள் தொடங்கிய ‘ஆர்கனைசேஷன் ஃபார் டிரான்ஸ்ஃபர்மேட்டிவ் வொர்க்ஸ்’ என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு. வணிக விளம்பரத்துக்கும், நன்கொடை கேட்கும் இணைப்புகளுக்கும் அங்கே இடமில்லை. உங்கள் கதையில் வரும் பாத்திரங்கள் வேறொருவருடையவை. காசு கைமாறாதவரை ரசிகர் படைப்பு என்று சொல்லி நிற்க ஒரு தரை இருக்கிறது. சின்னத் தொகைதானே என்று அந்தத் தரையை நீங்களே தோண்ட வேண்டாம்.

பணத்தைவிட அவருக்கு உதவுவது, அந்த வேலை எவ்வளவு பெரியது என்று நீங்கள் தெரிந்துவைத்திருப்பதுதான். ஆங்கிலத்தில் நிமிடத்துக்குச் சுமார் 150 சொல் வாசிக்கலாம். 9,000 சொல் கதை என்றால் முழுசாக ஒரு மணி நேர ஒலி. (தமிழில் எழுதுபவரானால் இந்தக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். நம் சொற்கள் நீளம், ஒரு நிமிடத்தில் குறைவாகத்தான் அடங்கும்.) அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் பதிவும் வெட்டி ஒட்டுவதுமாகக் குறைந்தது மூன்று, நான்கு மணி நேரம் போகும். துணி தொங்கும் அலமாரிக்குள் தலையை விட்டு வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். துணி எதிரொலியைக் குடித்துவிடும். ஃபேன் ஃபிக்‌ஷன் பதிவு செய்ய முதலில் ஃபேனை அணைக்க வேண்டும் என்பதுதான் வேடிக்கை. வியர்த்துக்கொண்டேதான் வாசிப்பார்கள். நாக்கு பிறழ்ந்த இடத்தில் விரலைச் சொடுக்கிவிட்டு அந்த வாக்கியத்தை முதலிலிருந்து சொல்வார்கள். பிறகு ஆடாசிட்டி மென்பொருளில் திறந்தால், ஒலி அலைக்கு நடுவே அந்தச் சொடுக்கு ஊசி மாதிரி நிமிர்ந்து நிற்கும். ஊசி ஊசியாகத் தேடிப்போய் வெட்டுவதுதான் எடிட்டிங்.

உங்களுக்கு மட்டுமே தெரிந்த விஷயங்களை எழுதிக் கொடுப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய நிஜமான உதவி. பெயர்களை எப்படி உச்சரிப்பது என்று ஒரு பட்டியல் முதலில். நீங்களே வாசித்து ஒரு சின்ன வாய்ஸ் நோட்டாக அனுப்பினால் இன்னும் நல்லது. அடுத்து, கண்ணுக்குத் தெரிந்து காதுக்குத் தெரியாத இடங்கள். மனசுக்குள் பேசுவதைச் சாய்வெழுத்தில் போட்டிருப்பீர்கள். காட்சி மாறும் இடத்தில் மூன்று நட்சத்திரக் குறிகள் இருக்கும். இரண்டு பேர் அனுப்பிக்கொள்ளும் குறுஞ்செய்திகளில் யார் அனுப்பியது என்பதை வரி நிற்கும் பக்கமே சொல்லிவிடும். வாசிக்கும்போது இவை எல்லாம் மறைந்துவிடும். “நட்சத்திரம் வரும் இடத்தில் இசை போடலாம், இடைவெளியும் விடலாம், உங்கள் விருப்பம். குறுஞ்செய்திக்கு முன் அனுப்புபவர் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம்” என்று இரண்டு வரி எழுதினால் அவருடைய ஒரு மாலைப்பொழுது மிச்சம்.

அவர் தொடங்கிய பிறகு கதையைத் திருத்தாதீர்கள். திருத்தியே ஆக வேண்டுமென்றால் எந்தப் பத்தி என்று சொல்லிவிடுங்கள். இயக்குநர் வேலையும் பார்க்க வேண்டாம். ‘அந்த வசனத்தை இன்னும் அழுது சொல்லியிருக்கலாம்’ என்று உங்களுக்குத் தோன்றும், எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் அது அவர் உங்கள் கதையைப் படித்த விதம், அவருடைய படைப்பு. அவர் விரும்பினால் மட்டும் வெளியிடுமுன் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். குறிப்பு எழுதினால் இப்படி இருக்கட்டும்: “12:40-இல் ஒரே வரி இரண்டு முறை வருகிறது. 31:05-இல் கதவு சாத்தும் சத்தம்.” இதற்கு மேல் வேண்டாம்.

ஏஓ3 ஒலிக்கோப்புகளைத் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை. பக்கம் அங்கே, ஒலி இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற வேறோர் இடத்தில். அந்த இடம் மூடினால் பக்கம் மட்டும் ஊமையாக நிற்கும். அதனால் அவர் பதிவிறக்க இணைப்பு தந்தால் ஒரு பிரதி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக ஒரு மணி நேரம் சுமார் 58 மெகாபைட்தான்.

வெளியிடும்போது உங்கள் கதையால் தூண்டப்பட்ட படைப்பு என்று அவர் இணைப்பார், உங்களுக்கு மின்னஞ்சல் வரும். அதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் கணக்கில் தொடர்புடைய படைப்புகள் பக்கத்துக்குப் போய் நீங்கள் ஒப்புதல் கொடுத்தால்தான் உங்கள் கதையிலிருந்து அவர் பதிவுக்கு இணைப்பு தெரியும். இந்த ஒரு சொடுக்கைச் செய்யாததால் கேட்பவர்கள் வந்து சேராத பாட்ஃபிக்குகள் நிறைய.

பிறகு உட்கார்ந்து கேளுங்கள், கமென்ட் எழுதுங்கள். கதை உங்களுடையது என்பதால் கதையைப் பற்றி எழுத வேண்டியதில்லை, குரலைப் பற்றி எழுதுங்கள். “இரண்டாம் காட்சியில் அவள் ‘சரி’ என்று சொல்லுமுன் நீங்கள் ஒரு மூச்சு நிறுத்தினீர்கள். எழுதும்போது அந்த மூச்சு எனக்குக் கேட்கவில்லை.”