காலத்தைப் பற்றிக் கேள்வி கேட்கும் பையனை என்ன படிக்க வைப்பது?

பிளஸ் டூ படிக்கிற மகன் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு "காலம் ஓடுதுன்னா எவ்வளவு வேகத்துல ஓடுது?" என்று கேட்கிறான், பயமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கேள்வி வெட்டிக் கேள்வி இல்லை அம்மா. காலத்தின் வேகத்தை அளக்க இன்னொரு காலம் வேண்டும். அதுவும் ஓடுகிறது என்றால் அதற்கு மூன்றாவது ஒன்று. நம் தர்க்க நூலான நியாய சாஸ்திரக்காரர்கள் அனவஸ்தை, அதாவது முடிவே இல்லாமல் நீளும் தொடர், என்று குற்றமாகவே எண்ணிய சிக்கல் இது.

1908-இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த தத்துவ அறிஞர் மெக்டாகர்ட், காலமே மெய்யில்லை என்று 'மைண்ட்' என்ற தத்துவ இதழில் வாதிட்டார். உங்கள் மகன் எழுதப்போகும் தேர்வையே பாருங்கள். இன்று அது எதிர்காலம், அன்றைக்கு நிகழ்காலம், அப்புறம் இறந்தகாலம். ஒன்றுக்கொன்று ஒத்துவராத மூன்றும் ஒரே தேர்வுக்கு எப்படிப் பொருந்தும்? "வேறு வேறு நேரத்தில்தானே" என்பீர்கள். அந்த நேரங்கள் எவை? முன்பு, இப்போது, இனி. எதை விளக்க வந்தோமோ அதை வைத்தே விளக்குகிறோம். அந்த நேரங்களுக்கும் இதே மூன்றும் உண்டு என்பதால், அவற்றைப் பிரித்துச் சொல்ல இன்னொரு வரிசை வேண்டும், அதற்கு மேல் இன்னொன்று. மறுத்தவர்கள் ஏராளம். நூறு ஆண்டு தாண்டியும் சண்டை ஓயவில்லை.

சரி, இந்தத் தத்துவப் படிப்பு சோறு போடுமா? பி.ஏ. தத்துவத்தோடு நின்றுவிட்டால் வேலை தேடுவது கஷ்டம்தான். கல்லூரி ஆசிரியராக எம்.ஏ.வும் நெட் (தேசிய) அல்லது செட் (மாநில) தகுதித் தேர்வில் தேர்ச்சியும் வேண்டும், பிஎச்.டி. இருந்தால் பலம். நெட் தேர்வு வழியாக ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் (2023-இல் நிர்ணயித்த தொகை) வரும். ஆனால் பணியிடங்கள் குறைவு. ஐ.ஏ.எஸ். தேர்வில் தத்துவத்தை விருப்பப்பாடமாக எடுக்கலாம், அதை மட்டும் நம்பிச் சேர்க்காதீர்கள்.

என்னைக் கேட்டால் முதலில் பி.எஸ்சி. இயற்பியல். எல்லோருக்கும் பொதுவான 'இப்போது' ஒன்று உண்டு என்ற நினைப்பையே ஐன்ஸ்டைன் 1905-இல் தன் சார்பியல் கொள்கையால் அசைத்துவிட்டார். அந்தக் கணக்கு தெரியாமல் இன்று காலத்தைப் பற்றி ஆழமாகப் பேச முடியாது. எம்.ஏ. தத்துவத்துக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் பல பல்கலைக்கழகங்கள் சேர்த்துக்கொள்கின்றன. நடுவில் மனசு மாறினாலும் பையன் கையில் ஒரு பட்டம் இருக்கும்.

அதற்கு முன், மெக்டாகர்ட் வாதத்தில் ஓட்டை எங்கே என்று இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். "செம" என்று சொல்லிவிட்டு யூடியூபுக்குப் போனால் அது வெறும் ரசனை. எழுதி, அடித்து, மறுபடி எழுதினால் அந்தத் தாளோடு அழைத்து வாருங்கள். தேர்வு முடிந்த பிறகு வந்தால் போதும்.