இரண்டு நாள் இடைநீக்கமும் மூன்றாம் நாள் காலையும்

கேள்வி: நாங்கள் கலிஃபோர்னியாவில் வசிக்கிறோம். இங்குள்ள பொதுப்பள்ளியில் எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன், உடன் படிக்கும் மாணவன் ஒருவனைத் தாழ்வாரத்தில் பிடித்துத் தள்ளிவிட்டான் என்று இரண்டு நாள் இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். ஆசிரியரை எதிர்த்துப் பேசுகிறான் என்று முன்பே இரண்டு முறை கடிதம் வந்திருந்தது. ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்த மாமியாரிடம் அவனுக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். மன்னிப்புக் கேட்டுத் தண்டனையை ரத்து செய்யச் சொல்வதா, பட்டுத் திருந்தட்டும் என்று விடுவதா? (ஒரு வாசகி)

பதில்: முதலில், பள்ளி தந்த அறிவிப்பில் காரணமாக என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எதிர்த்துப் பேசியதும் தள்ளியதும் அங்கே சட்டத்தின் பார்வையில் வெவ்வேறு. ‘வேண்டுமென்றே கீழ்ப்படியாமை’ என்ற ஒரே காரணத்துக்காக மாணவரை இடைநீக்கம் செய்வதை லாஸ் ஏஞ்சலஸ் பள்ளி மாவட்டம் 2013-இல் நிறுத்தியது. 2015 முதல் மூன்றாம் வகுப்பு வரைக்கும், 2020 ஜூலை முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும், 2024 ஜூலை முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரைக்கும் மாநிலச் சட்டமே அதைத் தடுத்துவிட்டது. குறும்பைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லும் சட்டமன்று இது. கைப்பேசியை உள்ளே வைக்கத் தாமதித்த ஒரு பிள்ளையை ஓர் ஆசிரியர் கண்டித்து விட்டுவிடுவார், இன்னொருவர் அதையே அவமதிப்பு என்று எழுதி அனுப்புவார். அந்த இடைவெளியில் எந்தப் பிள்ளைகள் அதிகம் அகப்படுகிறார்கள் என்பதுதான் கவலைக்குரியது. 2017-18 கல்வியாண்டில் அமெரிக்கப் பொதுப்பள்ளி மாணவர்களில் கறுப்பின மாணவர்கள் ஏறத்தாழ 15 விழுக்காடு. வீட்டுக்கு அனுப்பப்பட்ட மாணவர்களிலோ அவர்கள் 38 விழுக்காடு.

காரணம் தள்ளியதுதான் என்றால், முதல் முறையாக இருந்தாலும் இடைநீக்கம் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் அதற்குமுன் உங்கள் மகன் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தந்திருக்க வேண்டும். ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரப் பள்ளி மாணவர்கள் தொடுத்த வழக்கில், சில நாள் இடைநீக்கத்துக்குக்கூட இது கட்டாயம் என்று 1975-லேயே அமெரிக்க உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. யாராவது அவனை உட்காரவைத்து, ‘என்ன நடந்தது?’ என்று கேட்டார்களா என்பதை அவனிடமும் முதல்வரிடமும் தனித்தனியே கேட்டறியுங்கள். இடைநீக்கம் இரண்டு நாளோ அதற்கு மேலோ இருந்தால், பெற்றோர் கேட்கும்போது அந்நாட்களின் வீட்டுப்பாடத்தைத் தர ஆசிரியர்கள் கடமைப்பட்டவர்கள். இன்றே கேட்டு வாங்குங்கள்.

ரத்து செய்யச் சொல்லிக் கெஞ்சுவதில் எனக்கு உடன்பாடில்லை. தள்ளப்பட்ட பையனுக்கும் ஒரு தாய் இருக்கிறார். ‘பட்டுத் திருந்தட்டும்’ என்பதிலும் நம்பிக்கையில்லை, ஏனெனில் எங்கே நடந்துகொள்ளத் தெரியவில்லையோ அந்த இடத்திலிருந்தே பிள்ளையை அப்புறப்படுத்திவிட்டு, வீட்டில் சும்மா இருக்கும் இரண்டு நாளில் அவன் அதைக் கற்றுக்கொள்வான் என்று எதிர்பார்க்கிறோம். ஆகவே உங்கள் பேச்செல்லாம் மூன்றாம் நாள் காலையைப் பற்றியதாக இருக்கட்டும். அன்று முதல்வரையும் பள்ளியின் ஆலோசகரையும் மகனோடு சேர்ந்து சந்திக்க நேரம் கேளுங்கள். மூன்று சம்பவங்களும் எந்த நேரத்தில், எந்த வகுப்பை ஒட்டி நடந்தன என்று கேளுங்கள்; பெரும்பாலும் ஓர் ஒழுங்கு புலப்படும். பல பள்ளிகளில் ‘செக்-இன், செக்-அவுட்’ (Check-In/Check-Out) என்ற பெயரில் வழங்கும் முறை ஒன்றுண்டு: பிள்ளை தினமும் காலையில் தனக்கு நம்பிக்கையான ஒரு பெரியவரைச் சந்தித்து அட்டை ஒன்றை வாங்கிக்கொள்வான், ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் ஆசிரியர் அதில் மதிப்பெண் இடுவார், மாலையில் அதே பெரியவர் பார்த்துப் பேசுவார், இரவில் நீங்கள் கையெழுத்திடுவீர்கள். உங்கள் மகனுக்கு இது கிடைக்குமா என்று பெயர் சொல்லியே கேட்கலாம். அந்த மாணவனும் அவன் வீட்டாரும் மனமுவந்து சம்மதித்தால் மட்டுமே, ஆலோசகர் முன்னிலையில் இருவரும் உட்கார்ந்து பேசட்டும்.

காய்ச்சல் என்று நீங்கள் சொன்னதை அவன் கேட்டிருப்பான், அம்மா. தான் வீட்டாருக்கு மறைக்க வேண்டியவன் ஆகிவிட்டோம் என்று பதின்மூன்று வயதில் ஒரு பிள்ளை நினைத்துவிடக் கூடாது. பாட்டியிடம் உண்மையைச் சொல்லுங்கள்.

கேள்வி: நான் தமிழ்நாட்டில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர்; மகள் வீட்டுக்கு வந்து ஆறு மாதமாகக் கலிஃபோர்னியாவில் இருக்கிறேன். ‘அடியாத மாடு படியாது’ என்று கேட்டு வளர்ந்த தலைமுறை. பிரம்பும் கூடாது, இடைநீக்கமும் கூடாது என்றால் ஆசிரியர் கையைக் கட்டிப்போட்டதாகாதா? (ஒரு வாசகர்)

பதில்: ஐயா, கலிஃபோர்னியா பிரம்பை 1986-லேயே விலக்கிவிட்டது. ஆனால் வகுப்பைக் குலைக்கும் மாணவரை அன்றைக்கும் மறுநாளும் தம் வகுப்பிலிருந்து வெளியே அனுப்பும் அதிகாரம் இன்றும் ஆசிரியரிடம் இருக்கிறது. அடிதடி, ஆயுதம், போதைப்பொருள் ஆகியவற்றுக்கு இடைநீக்கமும் நீக்கமும் அப்படியே உள்ளன.

கடுமையையும் அமெரிக்கா சோதித்துப் பார்க்காமல் இல்லை. துப்பாக்கி கொண்டுவரும் மாணவரை ஓராண்டு நீக்க வேண்டும் என்று 1994-இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தை ஒட்டி, ‘சிறிதும் சகிப்பதில்லை’ என்ற கொள்கை சிறு பிழைகளுக்கும் பரவியது. டெக்சாஸில் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மாணவர்களை ஏழாம் வகுப்பிலிருந்து தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-இல் வெளியானது. அவர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் பள்ளி முடிப்பதற்குள் ஒருமுறையாவது இடைநீக்கமோ நீக்கமோ பெற்றிருந்தனர் (பள்ளிக்குள்ளேயே தனியறையில் உட்காரவைப்பதும் இக்கணக்கில் சேரும்). அந்த நடவடிக்கைகளில் சட்டம் கட்டாயப்படுத்தியவை 3 விழுக்காடு மட்டுமே. மற்றவை பள்ளிகள் தம் விருப்பப்படி எடுத்தவை.

ஐம்பது பிள்ளைகளை ஒரே வகுப்பில் வைத்துச் சமாளித்திருக்கக்கூடிய உங்களுக்கு இன்னோர் ஆய்வைச் சொல்ல விரும்புகிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கலிஃபோர்னியாவின் ஐந்து நடுநிலைப் பள்ளிகளில் 31 கணித ஆசிரியர்களைக் கொண்டு அதை நடத்தி 2016-இல் வெளியிட்டனர். தவறு செய்த பிள்ளையின் நோக்கில் பள்ளி எப்படித் தெரிகிறது என்பதை வாசித்து, கண்டிக்கும்போதும் மரியாதையை எப்படிக் காப்பது என்று எழுதும் சிறு இணையப் பயிற்சி ஆசிரியர்களில் ஒரு பிரிவினருக்கு அளிக்கப்பட்டது. மற்ற பிரிவினரின் மாணவர்களில் 9.6 விழுக்காட்டினர் அவ்வாண்டில் இடைநீக்கம் பெற, பயிற்சி பெற்றவர்களின் மாணவர்களில் அது 4.8 விழுக்காடாக இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கணிதம் தவிர மற்றப் பாடங்களை எடுத்தவர்கள் இந்தப் பயிற்சி பெறாத வேறு ஆசிரியர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள்.

உங்கள் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது. பிட்ஸ்பர்க் நகரில் உறவைச் சீராக்கும் உரையாடல் முறையை 22 பள்ளிகளில் இரண்டாண்டு நடத்தி, வேறு 22 பள்ளிகளோடு ஒப்பிட்டார்கள். இடைநீக்கத்தில் கழிந்த நாட்கள் குறைந்தன. ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் அந்தக் குறைவு இல்லை, அவர்களுடைய தேர்ச்சியும் சரிந்தது. பயிற்சியும் ஆலோசகரும் தராமல் தடையை மட்டும் அனுப்பிவைத்தால், அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும் ஆசிரியர்தான் தனியே நிற்பார். கீழ்ப்படியாமைக்காக இடைநீக்கம் செய்வதற்கு ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை உள்ள தடை 2029 ஜூலையில் காலாவதியாகிறது. அதை நீட்டிக்கும் முன் இடைநீக்க எண்ணிக்கை குறைந்ததா என்று மட்டும் பாராமல், வகுப்பில் தங்கவைக்கப்பட்ட பிள்ளையும் அவனுக்குப் பக்கத்து இருக்கையில் இருந்தவனும் என்ன கற்றார்கள் என்பதையும் சட்டமன்றம் கேட்க வேண்டும்.