இசிஜி இயல்பு என்றாலும் படபடப்பு நிற்காதபோது

கேள்வி: என் வயது 42. சில மாதங்களாக, இரவில் படுத்ததும் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டுப் பிறகு ஓங்கி அடிக்கிறது. இடது மார்பில் அவ்வப்போது சுருக்கென்று குத்துகிறது. இசிஜி, எக்கோ இரண்டும் இயல்பு. ஒரு மருத்துவர் வாயு என்றார், இன்னொருவர் மனப்பதற்றம் என்றார். நான் என்ன செய்வது?

பதில்: வழக்கமான இசிஜி ஏறத்தாழ 10 விநாடித் துடிப்பை மட்டுமே பதிவு செய்கிறது. அந்த நேரத்தில் படபடப்பு இல்லையென்றால், இரவில் உங்களுக்கு நேர்வது என்ன என்பதை அந்தத் தாள் சொல்ல முடியாது. எனவே உங்கள் கேள்விக்கு இன்னும் விடை தேடப்படவில்லை என்றே கருதுகிறேன். எக்கோ இயல்பாக இருப்பது உண்மையிலேயே நல்ல செய்தி. இதயத்தின் அமைப்பும் இரத்தத்தை வெளியேற்றும் திறனும் சரியாக இருப்பவர்களுக்கு வரும் கூடுதல் துடிப்புகள் பெரும்பாலும் ஆபத்தற்றவை.

நீங்கள் விவரிப்பது அத்தகைய கூடுதல் துடிப்பாகவே தோன்றுகிறது. உரிய நேரத்துக்கு முன்பே ஒரு துடிப்பு வந்துவிடுவதால், இதயத்தில் போதிய இரத்தம் நிரம்பாமல் அது நமக்குத் தெரியாமலே போகிறது. அதையடுத்த நீண்ட இடைவெளியில் இரத்தம் அதிகமாக நிரம்புவதால் அடுத்த துடிப்பு ஓங்கி அடிக்கிறது. திடீரென்று தொடங்கி, மிக விரைவாக ஓடி, திடீரென்று நின்றுவிடும் படபடப்பு வேறு வகை. அதையும் பதற்றம் என்று ஒதுக்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது என்பதால், பதிவு கிடைக்கும் முன் அந்த முடிவுக்கு வரக்கூடாது.

விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் சில விநாடிகள் குத்தி, அழுத்தினால் கூடும் வலி பெரும்பாலும் தசை அல்லது விலா எலும்புக் குருத்தெலும்பைச் சார்ந்தது. மாடிப்படி ஏறும்போது மார்பை அழுத்தி, தாடைக்கோ கைக்கோ பரவி, ஓய்வெடுத்தால் குறையும் வலியை அப்படி விடக்கூடாது. பெண்களுக்கும் சர்க்கரை நோயாளிகளுக்கும் இதய நோய் வலியே இல்லாமல், மூச்சிரைப்பாகவோ கடும் களைப்பாகவோ வெளிப்படலாம்.

ஹீமோகுளோபின், தைராய்டு, பொட்டாசியம் அளவுகளைப் பாருங்கள். மாதவிடாயில் இரத்தப்போக்கு மிகுதியாக இருந்தால் இரத்தசோகையே காரணமாக இருக்கலாம். ஆஸ்துமா இன்ஹேலர், சில சளி மாத்திரைகள், மாலைக்குப் பிறகு குடிக்கும் காபி ஆகியவையும் துடிப்பைத் தூண்டும். மற்றவருக்கு எழுதித் தந்த, துடிப்பைக் குறைக்கும் புரோப்ரனலால் மாத்திரையை வாங்கி விழுங்காதீர்கள். ஆஸ்துமா உள்ளவருக்கு அது மூச்சுக்குழாயைச் சுருக்கிவிடும்.

படபடப்புடன் மயக்கமோ, மூச்சுத்திணறலோ, நீடிக்கும் மார்பு வலியோ வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். உழைக்கும்போது படபடப்பு வந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தாலோ இதய மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

படபடப்பு தினமும் வருமானால் 24 அல்லது 48 மணி நேர ஹோல்டர் பதிவு (உடலில் மாட்டிய சிறு கருவி தொடர்ந்து எடுக்கும் இசிஜி) போதும். வாரத்துக்கு ஒருமுறைதான் என்றால் இரண்டு வாரம் வரை ஒட்டியிருக்கும் பட்டைக் கருவி பொருத்தமானது. கருவி உடலில் இருக்கும்போது வழக்கமான வேலைகளைச் செய்யுங்கள்; படபடப்பு வந்த நேரத்தை எழுதி வையுங்கள். அறிக்கை வந்ததும், நீங்கள் குறித்த நேரத்தில் கூடுதல் துடிப்பு பதிவாகியிருக்கிறதா என்றும், மொத்தத் துடிப்பில் அது எத்தனை சதவீதம் என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். ஒரு நாளின் ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்புகளில் சில நூறு கூடுதல் துடிப்புகள் இருப்பது பொதுவாகக் கவலைக்குரியதல்ல. இதயத்தின் கீழறையில் தோன்றுபவை 10 சதவீதத்தைத் தாண்டினால், எக்கோவைக் குறித்த இடைவெளியில் மீண்டும் எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.