காசநோய்க்கு மருந்து இருக்கும்போது மேக்ரோபேஜை இன்னும் ஏன் ஆராய வேண்டும்?

கேள்வி கேட்டவர் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிப்பவர். "கிருமியைக் கண்டுபிடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, மருந்தும் இருக்கிறது, அப்புறம் மேக்ரோபேஜ், டி செல் என்று இன்னும் என்ன ஆராய்ச்சி? மருத்துவராகப் போகிற எனக்கு அது எதற்கு?" என்று கேட்டிருக்கிறார். மேக்ரோபேஜ் என்பது கிருமியை விழுங்கும் எதிர்ப்புச் செல், டி செல் மற்ற எதிர்ப்புச் செல்களைத் தூண்டிவிடும் வெள்ளணு. நான் மருத்துவம் முடித்துவிட்டு சில வருஷம் இந்த மேக்ரோபேஜ்களோடேயே ஆய்வகத்தில் இருந்தவன், இப்போது மாணவர்களுக்கு நோயியல் நடத்துகிறேன். அதனால் பதில் கொஞ்சம் நீளும்.

உங்களுக்கு இப்படித் தோன்றுவதில் தவறே இல்லை. பாடம் நடத்தப்படுகிற விதம் அப்படி. எனக்குச் சொல்லிக்கொடுத்ததும் இவ்வளவுதான்: கிருமி மூச்சுக்காற்றோடு நுரையீரலுக்குள் போகிறது, மேக்ரோபேஜ் விழுங்குகிறது, கொல்ல முடியாமல் போகிறது, உடனே உடம்பு சுற்றிலும் செல்களை அடுக்கிச் சுவர் எழுப்புகிறது, அதற்குப் பெயர் கிரானுலோமா. நடுவில் பாலாடைக்கட்டி போன்ற நசிவு, அதாவது செத்த திசு, அதைச் சுற்றி உருமாறிய மேக்ரோபேஜ்களான எபிதீலியாய்டு செல்கள், அங்கங்கே அவை பல ஒன்றுசேர்ந்த லாங்ஹான்ஸ் ராட்சத செல், வெளி விளிம்பில் டி செல் போன்ற லிம்போசைட்டுகள். படம் வரைந்து பாகம் குறித்தேன், மதிப்பெண் வந்தது. அந்தச் சுவரால் யாருக்கு லாபம் என்று நானும் கேட்கவில்லை, வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

ஆய்வகத்துக்குப் போன பிறகுதான் அந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இந்தக் கிருமிக்கு அவசரமே கிடையாது. ஈ. கோலை 20 நிமிடத்தில் இரண்டாகும், இது இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். திட ஊடகத்தில் விதைத்துவிட்டு மூன்று, நான்கு வாரம் காத்திருந்தால்தான் வெளிர் மஞ்சளில் சொரசொரப்பாகக் காலனிகள் கண்ணில் படும். அதற்குள் பூஞ்சை ஏறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. எனக்கு அப்படி இரண்டு முறை ஆனது.

நான் மறக்க முடியாத ஒரு நாளைச் சொல்கிறேன். சாதாரணமாக மேக்ரோபேஜ் ஒரு கிருமியை விழுங்கினால் அது ஃபேகோசோம் என்கிற பைக்குள் மாட்டும், அப்புறம் அமிலமும் நொதிகளும் நிறைந்த லைசோசோம் வந்து அந்தப் பையோடு கலந்து உள்ளே இருப்பதைச் செரித்துவிடும். காசநோய்க் கிருமி இந்தக் கலப்பைத் தடுக்கிறது என்று 1971இலேயே ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் இருவரும் மின்னணு நுண்ணோக்கியில் பார்த்து எழுதிவிட்டார்கள். நான் புத்தகத்தில் படித்ததுதான். ஆனால் பச்சையாக ஒளிரும் பிசிஜி கிருமிகளை (காசநோய்த் தடுப்பூசியில் இருக்கும் வீரியம் குறைந்த கிருமி) மேக்ரோபேஜ்களுக்குக் கொடுத்து, லைசோசோமுக்குச் சிவப்புச் சாயம் போட்டு இருட்டறையில் நானே பார்த்தபோது விஷயம் வேறாக இருந்தது. சூடாக்கிக் கொன்ற கிருமிகளைக் கொடுத்த தட்டில் பச்சையும் சிவப்பும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து மஞ்சளாகத் தெரிந்தன. உயிரோடு கொடுத்த தட்டில் பச்சைக் குச்சிகள் தனியாகவே கிடந்தன, சிவப்புப் புள்ளிகள் அவற்றைச் சுற்றி நின்றனவே தவிர பெரும்பாலும் தொடவில்லை. அதே செல், அதே கிருமி, உயிர் இருக்கிறதா இல்லையா என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

இப்போது கிரானுலோமாவுக்கு வருவோம். வரிக்குதிரை மீனின் குஞ்சு கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் உடம்பு கொண்டது. அதில் காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவான மைக்கோபாக்டீரியம் மெரினத்தை விட்டு, உயிருள்ள உடம்புக்குள்ளேயே நடப்பதை நேராகப் பார்க்கலாம். காசநோய் ஆய்வாளர் லலிதா ராமகிருஷ்ணன் குழு 2009இல் வெளியிட்டது இதைத்தான்: கிருமி இருக்கும் மேக்ரோபேஜ் ஒன்று சாகிறது, புது மேக்ரோபேஜ்கள் வேகமாக ஓடிவந்து அந்தப் பிணத்தை விழுங்குகின்றன, அதோடு கிருமியையும் வாங்கிக்கொள்கின்றன. அவற்றில் சில அங்கிருந்து கிளம்பிப் போய் வேறிடத்தில் புது கிரானுலோமாவைத் தொடங்குகின்றன. சுவர் என்று நாம் படித்தது, குறைந்தபட்சம் நோயின் தொடக்கத்தில், கிருமி பெருகும் இடமாக இருக்கிறது. புது மேக்ரோபேஜ்களை அங்கே வரவழைப்பதும் கிருமிதான், ஆர்டி1 என்கிற மரபணுப் பகுதியின் துணையோடு. பிசிஜி தடுப்பூசிக் கிருமியில் இல்லாமல் போன பகுதி அதுவே. இதைப் படித்த அன்று நான் இரண்டாம் ஆண்டில் வரைந்த படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தேன்.

அதே மீனில் இன்னொன்றும் தெரிந்தது. டிஎன்எஃப் என்பது எதிர்ப்புச் செல்கள் சுரக்கும், அழற்சியைத் தூண்டும் புரதம். அது குறைந்தால் மேக்ரோபேஜுக்குள் கிருமி கட்டுமீறி வளர்கிறது. சரி, கூடினால் நல்லதா? இல்லை, மேக்ரோபேஜ் வெடித்துச் சாகிறது, வெளியே கொட்டிய கிருமி இன்னும் தாராளமாக வளர்கிறது.

"மருத்துவருக்கு எதற்கு" என்று கேட்டீர்களே, இங்கேதான் பதில் இருக்கிறது. மூட்டுவாத நோயாளிக்கும் கிரோன் என்கிற குடல் அழற்சி நோயாளிக்கும் டிஎன்எஃபைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமேப் கொடுக்கத் தொடங்கிய பிறகு, 2001இல் 70 பேருக்குக் காசநோய் வந்த விவரம் வெளியானது, அதில் பாதிக்கு மேற்பட்டோருக்கு நுரையீரலுக்கு வெளியே பரவியிருந்தது. அந்த மருந்துக்கு முன்னால் மறைந்திருக்கும் காசநோய்த் தொற்றைத் தேடுவது இப்போது வழக்கம். காசநோய் மூளைக்காய்ச்சலில் நேர் எதிர். எதிர்ப்புச் செல்கள் கிளப்பும் அழற்சியே அங்கே உயிரை எடுக்கிறது, அதனால் கிருமிக்கொல்லியோடு அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான டெக்ஸாமெத்தசோனும் கொடுக்கிறோம். 2004இல் வியட்நாம் சோதனையில் அதனால் இறப்பு குறைந்தது. ஒரே கிருமி, ஒருவருக்கு எதிர்ப்பு போதவில்லை, இன்னொருவருக்கு அதுவே அதிகம். எச்ஐவி நோயாளிக்கு மருந்து தொடங்கி டி செல்கள் மீண்டு வரும்போது காசநோய் திடீரென்று மோசமானது போலத் தெரிவதும் இதே கதைதான். இந்தப் பாடம் மனதில் இல்லாத மருத்துவர் மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்துவிடலாம்.

மருந்து இருக்கிறது என்றீர்கள். இருக்கிறது, வழக்கமாக ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும். அப்படியும் 2023இல் மட்டும் உலகம் முழுக்க சுமார் 12.5 லட்சம் பேர் இந்த நோயில் இறந்தார்கள். பரவலாகப் போடப்படும் ஒரே தடுப்பூசி 1921இல் வந்தது, பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது நம்பும்படி தடுப்பதில்லை. எந்த டி செல்லைத் தூண்டினால் போதும் என்று உறுதியாகச் சொல்ல இன்றைக்கும் ஆளில்லை. எனக்கு இது ஆறவே இல்லை.

அதனால் இப்போது வகுப்பில் கிரானுலோமா ஸ்லைடை வைத்ததும் பாகம் குறிக்கச் சொல்வதில்லை. "இதில் எந்தச் செல் முதலில் வந்தது, எது கடைசியில்? ஸ்லைடைப் பார்த்து எப்படித் தெரியும்?" என்று கேட்கிறேன். பத்து நிமிடம் சலசலப்பு. ஸ்லைடில் நேரம் தெரியாது, அது ஒரு நொடியின் படம் என்று யாராவது ஒருவர் கடைசியில் சொல்வார். மீன் குஞ்சின் கதையை அதன் பிறகுதான் எடுப்பேன்.

உங்களுக்கு இறங்கிப் பார்க்க ஆசையிருந்தால் ஒன்று சொல்கிறேன். நோய் தரும் உண்மையான கிருமியை வளர்க்க மூன்றாம் நிலை பாதுகாப்பு ஆய்வகம் வேண்டும், மாணவரை அங்கே சட்டென்று விடமாட்டார்கள், விடவும் கூடாது. பிசிஜியோ மெரினமோ வைத்து வேலை செய்யும் குழுவை அணுகுங்கள். விடுமுறையில் இரண்டு மாதம் கிடைத்தாலும் போதும், ரத்தத்திலிருந்து மோனோசைட் என்கிற வெள்ளணுவைப் பிரித்து மேக்ரோபேஜாக வளர்க்கவே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.