துருப்பிடிச்ச பழைய ராணுவ டிரக்: கிரைண்டரைக் கையில எடுக்குறதுக்கு முன்னாடி

கேள்வி: ஷெட்ல பல வருஷமா கிடந்த பழைய ராணுவ டிரக் ஒண்ணு என் கைக்கு வந்திருக்கு. டாஷ்போர்டுல பிளேட் எதுவும் இல்ல, எஞ்சின் ஜாம், மேலெல்லாம் துரு. ரெண்டாம் உலகப்போர் வண்டின்னு சொல்லித்தான் குடுத்தாங்க. என்ன மாடல்னு எப்படி உறுதி பண்றது? வீட்டுலயே வெச்சு சரி பண்ண முடியுமா? முதல்ல கிரைண்டர்ல வயர் பிரஷ் மாட்டி துருவை எல்லாம் எடுத்துடலாம்னு இருக்கேன்.

பதில்: கிரைண்டரை இப்போதைக்கு ஓரமா வைங்க. அந்தக் காலத்து பெயிண்ட்ல ஈயம் இருக்க வாய்ப்பு ரொம்ப அதிகம், காய்ஞ்ச பெயிண்டை பிரஷ் போட்டு பறக்கவிட்டா அந்தத் தூள் நேரா நுரையீரலுக்குத்தான் போகும், வீட்டுல குழந்தைங்க இருந்தா இன்னும் ஆபத்து. அதைவிட முக்கியமா நான் சொல்றது, நீங்க கேக்குற முதல் கேள்விக்கு பதிலே அந்த பெயிண்டுக்கும் துருவுக்கும் அடியிலதான் இருக்கு, அதை அரை நாள்ல சுரண்டி எறிஞ்சுட்டா அப்புறம் யாராலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது.

முதல்ல சுலபமானதுல இருந்து ஆரம்பிங்க. வண்டி அமெரிக்கத் தயாரிப்பா இருந்தா கரண்ட் எத்தனை வோல்ட்னு பாருங்க. போர்க்காலத்து ஜிஎம்சி, டாட்ஜ் டிரக் எல்லாம் பொதுவா 6 வோல்ட். 1950-க்கு அப்புறம் வந்த எம்35, எம்37 ராணுவ டிரக் எல்லாம் 24 வோல்ட், வயரிங் கனெக்டர்கூட தண்ணி புகாத டைப். எம்37-ஐ பலபேர் போர்க்கால டாட்ஜ்னு நினைச்சு வாங்குறாங்க, பார்க்க சாயல் அப்படித்தான் இருக்கும், ஆனா அது 1951-ல இருந்து வந்தது. பேட்டரியை நம்பாதீங்க, யாராவது 12-க்கு மாத்தியிருப்பாங்க, டைனமோ மேல இருக்குற தகட்டைப் படிங்க.

அடுத்தது கீழ படுத்து ஆக்சிலைப் பாருங்க. 6 வீலும் இழுக்குற வண்டி, பின்னாடி ரெண்டு ஆக்சில், எஞ்சின் 270 கியூபிக் இன்ச் ஆறு சிலிண்டர்னா அது அனேகமா ஜிஎம்சி சிசிகேடபிள்யூ. அந்தப் பேர்லயே விவரம் இருக்கு: முதல் சி 1941 டிசைன், ரெண்டாவது சி சாதாரண கேபின், கே முன் சக்கரமும் இழுக்கும், டபிள்யூ பின்னாடி ரெண்டு ஆக்சிலும் இழுக்கும். பேருக்குப் பின்னாடி 353-னா நீள வீல்பேஸ் (முன், பின் சக்கரத்துக்கு நடுவுல இருக்குற தூரம்), 164 இன்ச், 352-னா 145 இன்ச், டேப் வெச்சு அளந்தாலே தெரிஞ்சுடும். இந்த வண்டியில ஆக்சில் நடுவுல கியரை மூடியிருக்குற டிஃபரன்ஷியல் ஹவுசிங் ரெண்டு தினுசு. நடுவுல ரெண்டு பாதியா பிரிஞ்சு சுத்திலும் போல்ட் போட்டிருந்தா ஸ்பிளிட், ஒரே உருண்டையா இருந்தா பேஞ்சோ. ஒண்ணோட உள் சாமான் இன்னொண்ணுக்கு சேராது, அதனால பார்ட்ஸ் வாங்குறதுக்கு முன்னாடி இதைக் கண்டிப்பா பார்த்துக்கோங்க. கேபினை மட்டும் பார்த்து முடிவு பண்ணாதீங்க, செவ்ரோலேவோட ஒன்றரை டன் 4 வீல் டிரக்குக்கும் ஏறக்குறைய இதே கேபின்தான்.

ஸ்டீயரிங் வலது பக்கம் இருந்து, முன் கண்ணாடி மேல் விளிம்பு முன்னாடி தள்ளி, கீழ் விளிம்பு உள்ள போய் கவுந்த மாதிரி இருக்கா? அப்போ அது கனடாவுல செஞ்ச சிஎம்பி (கனடியன் மிலிட்டரி பேட்டர்ன்) டிரக், 13-ஆம் நம்பர் கேபின். வெயில் கண்ணாடியில பட்டு மின்னி மேல பறக்குற விமானத்துக்குக் காட்டிக் குடுத்துடக் கூடாதுன்னுதான் அந்தச் சாய்வு. இதுல எஃப்15ஏ-ன்னா ஃபோர்டு, சி15ஏ-ன்னா செவ்ரோலே, ஃபோர்டுல வி8, செவ்ரோலேல ஆறு சிலிண்டர், பானட்டைத் தூக்கினா சந்தேகமே வராது.

பிளேட் இல்லன்னு கவலைப்படாதீங்க. புதுசா அடிச்ச நகல் பிளேட் தாராளமா கிடைக்குது, அதனால பிளேட் இருந்தாலும் அதை மட்டும் வெச்சு நான் எந்த வண்டியையும் உறுதி பண்ண மாட்டேன். சேஸி மேல வெட்டின நம்பர்தான் ஆதாரம். முன் பக்கம் சேஸியோட ரெண்டு நீளச் சட்டத்தையும், மேல் பக்கமும் வெளிப் பக்கமும், கிரீஸை மண்ணெண்ணெய் போட்டு துடைச்சு, துணியால மட்டும் தேய்ச்சு, டார்ச்சை பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிங்க, நேரா அடிச்சா தெரியாத எழுத்து சாய்வா அடிச்சா நிழல் விழுந்து எந்திரிச்சு வரும். டாட்ஜ் முக்கால் டன் வண்டின்னா எஞ்சின் பிளாக்கோட இடது பக்கம் டி214 (T214)-ன்னு ஆரம்பிக்கிற நம்பர் இருக்கும்.

இப்போ பெயிண்ட். பானட் ரெண்டு பக்கம், பம்பர், பின் கதவு, இந்த மூணு இடத்துல 600 நம்பர் வாட்டர் பேப்பரை நல்லா நனைச்சு, உள்ளங்கை அளவு இடத்துல மெதுவா வட்டமா தேய்ங்க, அப்பப்போ தண்ணி ஊத்தி துடைச்சுப் பாருங்க. மேல யாரோ அடிச்ச பச்சை போகும், அதுக்கடியில வேற ஒரு நாட்டு ராணுவத்தோட கலர் வரலாம், ஏன்னா போர் முடிஞ்சதும் இந்த வண்டிங்க பல நாட்டுக்குப் போச்சு, அதுக்கும் அடியில பளபளப்பே இல்லாத ஆலிவ் பச்சை வந்து அதுல நம்பரோட ஓரம் தெரிஞ்சா அங்கேயே நிறுத்திடுங்க. அமெரிக்க ராணுவப் பதிவு நம்பர் 4-ல ஆரம்பிச்சா அது ரெண்டரை டன் வகையறா, 2-ல ஆரம்பிச்சா சின்ன டிரக், கடைசியில எஸ் இருந்தா ரேடியோ இரைச்சல் வராம தடுப்பு போட்ட வண்டின்னு அர்த்தம். பிரிட்டிஷ் வண்டியில பழுப்புக்கு மேல ஆலிவ் பச்சை இருந்தா அந்தப் பச்சை 1944 வாக்குல வந்தது. கண்டுபிடிச்சதை டிரேசிங் பேப்பர்ல அப்படியே படி எடுத்து, பக்கத்துல ஸ்கேல் வெச்சு போட்டோவும் எடுத்துடுங்க. பெரிய வெள்ளை நட்சத்திரம் மட்டும் மேலாப்ல இருந்தா அதைப் பெருசா எடுத்துக்காதீங்க, பின்னாடி வந்த ஓனர்கள் ஆசைக்கு அடிச்சது நிறைய.

சரி, வீட்டுல முடியுமா? முக்கால் டன் டாட்ஜ் மாதிரின்னா தாராளமா முடியும். சிசிகேடபிள்யூ காலி வண்டியே 4 டன்னைத் தொடும், அதுக்கு கார் ஜாக்கும் செங்கல்லும் ஆகவே ஆகாது, கான்கிரீட் தரையும் கனமான ஸ்டாண்டும் இல்லாம அடியில படுக்காதீங்க.

வீல் விஷயத்துல ரொம்ப ரொம்ப கவனம். பல ராணுவ வண்டியில ரிம் ரெண்டு பாதியா இருக்கும், நடுவுல வரிசையா நட் போட்டு இணைச்சிருப்பாங்க. வீலைக் கழட்டுற நட் வேற, ரிம்மைப் பிரிக்கிற நட் வேற, பிரிட்டிஷ் வண்டியில இந்த ரெண்டாவதுக்கு சிவப்பு அடிச்சதே எச்சரிக்கைக்குத்தான். டயர்ல காத்து இருக்கும்போது அதைத் திருகினா ரிம் பாதி வெடிச்சுப் பறக்கும், ஆளே போயிருக்காங்க. வால்வுக்குள்ள இருக்குற ஊசியையே கழட்டி வெளிய எடுத்துட்டு, காத்து சுத்தமா போயிடுச்சுன்னு உறுதி பண்ணிக்கிட்டு அப்புறம் கை வைங்க. வளையம் போட்ட ரிம்மா இருந்தா, வளையம் பறந்தா தடுக்குற இரும்புக் கூண்டு வெச்சிருக்குற டயர் கடைக்கு அனுப்புங்க.

மீட்டரைப் பிரிச்சு துடைக்கணும்னு தோணும், வேண்டாம். அந்தக் காலத்து மீட்டர் முள்ளுல ரேடியம் பெயிண்ட் இருக்கலாம், இப்போ இருட்டுல ஒளிரலைன்னா ரேடியம் தீர்ந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, ஒளிர்ற பொடிதான் செத்துப்போச்சு, ரேடியத்தோட அரை ஆயுசு 1600 வருஷம். பிரேக் ஷூ, சைலன்சர் கேஸ்கெட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும்னே வெச்சுக்கிட்டு, ஏர் அடிக்காம ஈரத்துணியால துடைங்க.

துருவை எடுக்குறதுல எல்லா இரும்புக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. சேஸி கனமானது, மணல் பிளாஸ்டிங் தாங்கும். ஆனா ஆக்சில், கியர்பாக்ஸ் ஓட்டையை எல்லாம் நல்லா அடைச்சுட்டு அடிக்கணும், ஒரு பிடி மணல் உள்ள போனா பேரிங் காலி. கதவு, பானட் மாதிரி தகட்டுல அதே பிரஷர்ல அடிச்சா நெளிஞ்சுடும், அப்புறம் எவ்வளவு பட்டி பார்த்தாலும் அலை அலையாத்தான் தெரியும். பிராக்கெட், கைப்பிடி மாதிரி சின்ன சாமானுக்கு, தண்ணியில கரண்ட் விட்டு துரு எடுக்குற எலக்ட்ராலிசிஸ் அருமை. பிளாஸ்டிக் டப்பாவுல 4 லிட்டர் தண்ணிக்கு ஒரு பெரிய ஸ்பூன் வாஷிங் சோடா, சார்ஜரோட நெகட்டிவ் உங்க சாமான்ல, பாசிட்டிவ் ஒரு பழைய சாதா இரும்புத் துண்டுல. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை மட்டும் பாசிட்டிவ்ல மாட்டாதீங்க, விஷமான குரோமியம் தண்ணியில இறங்கும். ஹைட்ரஜன் வாயு கிளம்பும், அதனால திறந்த வெளியில வைங்க, பக்கத்துல நெருப்பு ஆகாது. ஸ்பிரிங்கை இதுல போடவே கூடாது, ஹைட்ரஜன் உள்ள இறங்கி ஒரு நாள் படக்குன்னு முறியும்.

எஞ்சின் ஜாம்னா கட்டி இழுத்து ஸ்டார்ட் பண்ணலாம்னு சொல்ற ஆள் நிச்சயம் வருவாங்க, கேக்காதீங்க. பிளக்கைக் கழட்டி ஒவ்வொரு சிலிண்டர்லயும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) அசிட்டோனும் சரிபாதி கலந்து ஊத்தி ஊறவிடுங்க, குறைஞ்சா திரும்ப ஊத்துங்க, அவசரமே வேண்டாம். ஜிஎம்சி எஞ்சின்ல மேல் மூடியைத் திறந்து வால்வு எல்லாம் அசையுதான்னு பாருங்க, ஒட்டிக்கிட்ட வால்வோட சுத்தினா வால்வைத் தள்ளுற கம்பி (புஷ்ராட்) வளைஞ்சுடும். அப்புறம் கிராங்க்ல கையால முன்னயும் பின்னயும் ஆட்டுங்க, ஃபிளைவீல்ல ஒரு பல்லு நகர்ந்தாலும் அது வழிக்கு வந்துடுச்சுன்னு சொல்லலாம். பெட்ரோல் டேங்க்கை வெல்டிங் பண்ணவோ வெட்டவோ கூடாது, எவ்வளவு வருஷம் காலியா கிடந்தாலும் உள்ள இருக்குற ஆவி வெடிக்கும்.

எஞ்சின் ஓடிட்டா ஒரு ரவுண்ட் போகலாம்னு கை துறுதுறுங்கும், பிரேக் முடியாம நகர்த்தாதீங்க. இந்த வண்டிங்கள்ல பிரேக் ஒரே லைன், ஒரு வீல்ல லீக் ஆனா எல்லா வீல்லயும் பிரேக் போயிடும். வீல் சிலிண்டர், ஹோஸ், பைப் மொத்தமும் புதுசு போடுங்க. சிலிகோன் பிரேக் ஆயிலா சாதா பிரேக் ஆயிலான்னு முதல்லயே முடிவு பண்ணிடுங்க, ரெண்டையும் கலக்கக் கூடாது.

பெயிண்ட் கடைசியிலதான். வெறும் இரும்பு தெரிஞ்சதும் அன்னைக்கே எப்பாக்ஸி பிரைமர் அடிச்சுடுங்க, ராத்திரி ஈரத்துலயே துரு திரும்ப ஆரம்பிச்சுடும். மேல பளபளப்பு இல்லாத ஆலிவ், படி எடுத்து வெச்ச நம்பரை அதே இடத்துல அதே அளவுல. கதவு, ஏறுற படி இதுக்குள்ள இருக்குற பொந்துல எல்லாம் மெழுகு ஸ்ப்ரே விடுங்க, ஆனா அடியில இருக்குற சின்ன ஓட்டைங்களை அடைச்சுடாதீங்க, உள்ள சேர்ற தண்ணி வடியிறதுக்குத்தான் அது இருக்கு.