வாடகை வீட்டுக்கு ஆர்ஓவா, சாஃப்ட்னரா?

வைட்ஃபீல்டில் வாடகை வீடு, போர்வெல் தண்ணீர், கீசர் காயிலில் வெள்ளையாகப் படிகிறது, வீடு முழுக்க ஆர்ஓ போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாங்க. சவ்வு வழியாக வடிகட்டும் ஆர்ஓ குடிக்க மட்டும் போதும். அது வெளியே தள்ளுகிற தண்ணீருக்கும் சேர்த்துத்தான் பெங்களூரில் டேங்கர் காசு கொடுக்கிறோம்.

குளிக்க, துவைக்க உப்பு போடும் சாஃப்ட்னர்தான் சரி. உள்ளே உள்ள ரெசின் என்ற சின்ன மணிகள், தண்ணீரைக் கடினமாக்கும் கால்சியம், மெக்னீசியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். அதனால், கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் எண் இறங்காது. இயந்திரம் வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கடினத்தன்மையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தரநிலை வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 200 மி.கி., வேறு தண்ணீர் கிடைக்காதபோது 600.

குளியலறைக் குழாயில் மாட்டும் சின்னதையே வாங்குங்கள், காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம். சாஃப்ட்னர் தண்ணீரில் சோடியம் இருப்பதால் அதைச் செடிக்கு ஊற்ற வேண்டாம். குழாயில் மாட்டினால் கடினத்தன்மை போய்விடும் என்று காந்தம் விற்பவர்கள் வந்தால், சரி, யோசிக்கிறோம் என்று அனுப்பிவிடுங்கள்.